ஆர்னிகாவும் தட்டைப்பயறும்

ஜூலை 4, வெள்ளி

புதிய நோட்டு. எழுதத் தொடங்கும் முன் ஓர் ஒழுங்கு வேண்டும். இதில் வர இருப்பவை:

1. ஆவுடையின் நோயும் அதற்கு டாக்டர் சொன்ன வழியும்.
2. ஆர்னிகா என்னும் ஹோமியோபதி மருந்து வெட்டுக்காயத்தை ஆற்ற உதவுமா என்று தட்டைப்பயறுச் செடிகளில் ஒரு சோதனை.
3. ஆவுடை அறுவை சிகிச்சைக்கு அஞ்சுகிறாள். சோதனையின் முடிவு அவளுக்குத் தைரியம் தரும்.
4. முடிவு எப்படி வந்தாலும் மாற்றாமல் எழுதுவேன்.

நான்காவதை எழுதியிருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் அதை மனத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஆனால் என்னை நான் முழுதாக நம்புவதில்லை. இருக்கட்டும்.

நேற்று டாக்டர் ஷமீமாவிடம் போனோம். மாதவிடாய் நின்று பதினெட்டு வருடம் ஆன பிறகு ஆவுடைக்கு உதிரம் பட்டது சித்திரையில். வைகாசியில் மறுபடியும். கருப்பையின் உள்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த முடிவு வந்திருந்தது.

டாக்டர் சின்ன வயது. பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. "அம்மா, உள்சுவர்ல செல்லெல்லாம் மாற ஆரம்பிச்சிருக்கு. இப்போ இது கேன்சர் இல்ல. அப்படியே விட்டா ஆகலாம். கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதி. பதினாலாம் தேதி திங்கக்கிழமை எனக்கு தியேட்டர் இருக்கு. போட்டுக்கிடலாமா?"

"எத்தனை நாளு படுக்கணும்?" என்று கேட்டாள் ஆவுடை.

"நாலஞ்சு நாள் இங்க. அப்புறம் ஆறு வாரம் வீட்டுல தண்ணிக் குடம் தூக்கக் கூடாது."

"குடத்தை இவுக தூக்கட்டும்" என்று ஆவுடை என்னைக் காட்டினாள். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆட்டோவில் வரும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. வண்ணார்பேட்டை பாலத்தில் வண்டி நின்றபோது ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்திருக்கிறாள்.

ஜூலை 5, சனி

காலையில் ஜெபசிங் டாக்டர் வந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஹோமியோபதி மருத்துவர். என் தும்மலுக்கும் ஆவுடையின் முழங்காலுக்கும் இருபது வருடமாக இனிப்பு உருண்டை தருபவர். எங்களுக்குள் ஒரு நீண்ட வழக்கு உண்டு. மருந்தை அத்தனை முறை நீர்த்துவிட்டால் அதில் என்ன மிஞ்சும் என்பேன். மிஞ்சுவதைக் கேட்காதீர்கள், வேலை செய்வதைப் பாருங்கள் என்பார்.

ஆவுடை விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"ஆர்னிகா தாரேன் மேடம். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்துக்கிடுங்க. வெட்டுன இடம் சீக்கிரம் ஆறும், வீக்கம் வத்தும்."

"நிரூபணம் உண்டா?" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் ஆவுடை.

அவர் போன பிறகு கணினியில் தேடினேன். கருப்பை நீக்கிய பெண்களுக்கு ஆர்னிகாவும் வெற்று உருண்டையும் யாருக்கு எதுவென்று தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு கிடைத்தது. இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லையாம். ஆனால் ஓர் ஆய்வை வைத்து முடிவு சொல்வதா? செடிகளில் செய்த ஆய்வுகள் சில கண்ணில் பட்டன. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. செடிக்கு நம்பிக்கை கிடையாது, மருத்துவர் மேல் பிரியம் கிடையாது. ஆகவே நல்ல சாட்சி.

மாலையில் திட்டத்தைச் சொன்னேன். தட்டைப்பயறு முளைத்து இரண்டு இலை விட்டதும் நுனியை வெட்டிவிடுவேன். இலைக்காம்பும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். நுனி போனதும் அது விழித்துத் துளிர்க்கும். ஆர்னிகா கலந்த தண்ணீர் ஊற்றியவை மற்றவற்றைவிட நன்றாகத் துளிர்க்கின்றனவா என்று பார்ப்பேன்.

"உனக்கும் ஒரு தெளிவு கிடைக்கும்" என்றேன்.

என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "சரி, செய்ங்க" என்றாள். பிறகு அலமாரியைத் திறந்து எதையோ அடுக்கத் தொடங்கினாள்.

ஜூலை 6, ஞாயிறு

விதைத்தாயிற்று. அடியில் துளையிட்ட காகிதக் கப்புகள், மொட்டை மாடிப் படியின் கீழே காலை வெயில் விழும் இடத்தில் மூன்று வரிசை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கம்பளி நூல் கட்டியிருக்கிறேன். ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர். ஒன்றுக்கு, ஆர்னிகா கரைந்திருக்கும் அதே சாராயத்தில் மருந்தில்லாத துளி கலந்த தண்ணீர். ஒன்றுக்கு ஆர்னிகா. எந்த நிறத்துக்கு எது என்பது ஆவுடைக்கு மட்டும் தெரியும். தினமும் மூன்று பாட்டிலிலும் கலந்து, அந்தந்த நிறத்து நூலைக் கட்டி என்னிடம் கொடுப்பாள். எனக்குத் தெரிந்தால் என் கண் பொய் சொல்லும்.

"எழுதி வைக்காதே. நான் பார்த்துவிடுவேன்" என்றேன்.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஊர் ரகசியம் பூரா இந்தக் காது வழியாத்தான் போச்சு. ஒண்ணாவது வாய் வழியா வந்துருக்கா?" என்றாள். வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துத் தந்த ட்ரங்க் கால் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். உண்மைதான், ஒன்றும் வந்ததில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஆவுடை எனக்கு அதை மாட்டக் கற்றுத்தந்தாள். இட்லி மாவுக்கு உளுந்தும் அரிசியும் எந்த அளவு என்றும், மோட்டாரை எப்போது போட வேண்டும் என்றும் சொன்னாள். பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் இடித்து டப்பாக்களில் அடைத்தாள். கைக்கு வேலை கொடுத்து மனத்தை மறக்கப் பார்க்கிறாள் போலும். அஞ்சுபவர்கள் அப்படிச் செய்வதுண்டு.

ஜூலை 9, புதன்

முளைத்துவிட்டன. வளைந்த கழுத்தோடு மண்ணை முட்டிக்கொண்டு வரும் அந்தக் காட்சி எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தினமும் கப்புகளின் இடத்தை மாற்றி வைக்கிறேன். வெயில் எல்லாவற்றுக்கும் சமமாகப் பட வேண்டும்.

கொடியில் இரண்டு துண்டுகள் தனியாகக் காய்ந்தன. மறுபடியும் உதிரமா என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

ஒரு கணக்குப் பிழை. பதினாலாம் தேதி அறுவை. செடிகளை வெட்டவே நாளைதான் முடியும். துளிர்ப்பதற்கு இன்னும் ஒன்றரை வாரமாவது வேண்டும். முடிவு தெரியாமல் அவளை எப்படி அனுப்புவது? மேலும் வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளுக்கு இருக்கலாம்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ஆவுடைக்குச் சளி என்று சொன்னேன். நேற்று இரண்டு முறை தும்மினாள், ஆகவே முழுப் பொய் அல்ல. இருபத்தெட்டாம் தேதிக்கு மாற்றித் தந்தார்கள். டாக்டர் ஷமீமாவே லைனில் வந்து, "அதுக்கு மேல தள்ளாதீங்க சார்" என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவருகில் ஆவுடை.

"யாருக்கு சளி?"

"லேசாக... நேற்று தும்மினாயே."

"மிளகாப் பொடி இடிச்சா தும்மாம இருப்பாங்களா?"

"ஆடி வேறு பிறக்கப் போகிறது. உனக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருக்குமே என்று."

"எனக்கா? ஆடியில கர்ப்பப்பையை எடுக்கக் கூடாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு? ஆடியில தள்ளுபடிதான் போடுவான்."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இருபத்தெட்டா?" என்றாள். "ஆமாம்" என்றேன். உள்ளே போய்விட்டாள். தேதி தள்ளியதில் அவளுக்கு ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெட்டினேன். பிளேடைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஒவ்வொரு செடிக்கும் துடைத்து, இலைக்கணுவுக்குச் சற்று மேலே. எத்தனையோ ஆயிரம் தண்டுகளை வெட்டியிருக்கிறேன். ஆனாலும் இன்று மஞ்சள் வரிசையில் ஒன்று கோணலாகப் போய்விட்டது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அக்காவின் நினைவு வந்தது. இந்த நோட்டுக்குத் தொடர்பில்லாதது. அவளுடைய காப்பி பிளாஸ்கை நான் மடியில் வைத்துக்கொண்டு ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அது எழுபத்தொன்றாம் வருடம். அப்போது மயக்க மருந்து, ரத்தம் எல்லாமே வேறு. ஒப்பிட முடியாது.

காப்பி ஆறாமலே இருந்தது. அதற்குத்தானே பிளாஸ்க்.

தொடர்பில்லாதது.

ஜூலை 16, புதன்

மாற்றம் இல்லை. வெட்டிய முனைகள் உலர்ந்து பழுப்பாகியிருக்கின்றன. அது நல்லதே.

ஜூலை 18, வெள்ளி

எல்லா வரிசையிலும் பச்சைப் புள்ளிகள்! கணுக்களில் மொட்டு விழித்துக்கொண்டது. மஞ்சள் சற்று முந்துகிறதோ? ஊகிக்கக் கூடாது.

மகள் வடிவு ஓசூரிலிருந்து போன் செய்தாள். "அப்பா, ஏன் தள்ளிப் போட்டீங்க? லீவெல்லாம் போட்டிருந்தேன்" என்றாள். "அம்மா மனதளவில் தயாராகட்டும் என்று" என்றேன். "அம்மாட்ட குடுங்க" என்றாள். ஆவுடை போனை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து பேசினாள். "ம்... ம்... எனக்குத் தெரியும்ட்டீ... நான் பாத்துக்கிடுதேன்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

ஜூலை 21, திங்கள்

மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினாள். "சார், இருபத்தெட்டுதானே? அம்மா நேத்தும் கேட்டாங்க, முந்தாநாளும் கேட்டாங்க. மாத்த மாட்டோம், பயப்படாதீங்கன்னு சொல்லிருங்க."

பயத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். பாவம்.

அலமாரியில் சட்டை தேடியபோது கீழ்த்தட்டில் ஒரு பை இருந்தது. இரண்டு நைட்டி, துண்டு, சோப்பு, செருப்பு, ஸ்கேன் படங்கள். எல்லாம் மடித்து அடுக்கி ஜிப் போட்டிருந்தது. நைட்டியில் கடைச் சீட்டு இன்னும் தொங்கியது. தேதியைப் பார்த்தேன்: ஜூலை மூன்று. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் தூங்கிக்கொண்டிருந்தபோது கடைக்குப் போயிருக்கிறாள்.

முன்ஜாக்கிரதையான பெண்.

ஜூலை 23, புதன்

சந்தேகமே இல்லை. மஞ்சள் முன்னால் போகிறது. மற்ற இரண்டிலும் துளிர் அரை விரற்கடை. மஞ்சளில் முழு விரற்கடை, இலையும் விரிந்துவிட்டது. மஞ்சள் ஆர்னிகாவாக இருந்தால்? நான் இத்தனை காலம் ஜெபசிங்கிடம் வாதிட்டதெல்லாம் என்னாவது? அதைவிடப் பெரிய விஷயம்: அப்படியானால் ஆறும். வெட்டிய இடம் ஆறிவிடும்.

ஆவுடையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லா வந்துருக்கே" என்றாள். "அப்போ திங்கக்கிழமை போலாம்லா?"

"இன்னும் ஓரிரு நாள் அளந்துவிட்டால் உறுதி."

"சரி, அளங்க." மஞ்சள் வரிசையை மட்டும் பார்த்து ஒரு புன்னகை. அவளுக்குத்தான் எது எதுவென்று தெரியுமே. அதையே மறுபடி அளந்தேன், சந்தோஷத்தில்தான்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் ஆற்றுக்குப் போய் முன்னோருக்கு நீர் வார்த்துவிட்டு வந்தேன். வந்ததும் செடிகளை அளக்க உட்கார்ந்தேன். மஞ்சள் வரிசையில் எறும்பு ஊர்ந்தது. மற்ற வரிசைகளில் இல்லை. கப்பை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனேன். புளித்த வாடை. விரலால் மண்ணைக் கீறினேன். மேலே வெள்ளையாக ஒரு பொருக்கு. இன்னொரு கப்பிலும் அப்படியே.

அரிசி கழுவிய தண்ணீர். சந்தேகமில்லை.

அடுக்களைக்குப் போனேன். ஆவுடை அமாவாசைச் சமையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மஞ்சள் கப்புகளில் கழுநீர் கலந்திருக்கிறது. எப்படி என்று தெரியவில்லை. சோதனை கெட்டுப்போயிற்று" என்றேன். "மறுபடி முதலிலிருந்து விதைக்க வேண்டும். மூன்று வாரம் ஆகும். டாக்டரிடம் பேசி ஆகஸ்ட் கடைசியில்..."

கத்தி நின்றது.

"நாந்தான் ஊத்தினேன்" என்றாள்.

"நீயா?"

"தினமும் அரிசி களைஞ்சு, அந்தத் தண்ணிய ஊத்தினேன். நீங்க குளிக்கப் போற நேரத்துல."

"மஞ்சள்தான் ஆர்னிகாவா?"

இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது என் வாயில் வந்த கேள்வி அதுதான்.

"இப்பவும் இதத்தான் கேக்கணுமா உங்களுக்கு? ஆமா, மஞ்சள்தான் ஆர்னிகா. அது ஜெயிக்கணும்னுதான் ஊத்தினேன். ஜெயிச்சாத்தான் என்னைய ஆஸ்பத்திரிக்கு விடுவீங்க. செடி நல்லா வந்துட்டா மனசு தைரியமாயிரும்னு பாத்தேன். நீங்க என்னடான்னா, நல்லா வந்ததுக்குக் காரணம் தேடிக்கிட்டு நிக்கீங்க!"

"ஆவுடை, உனக்கு ஒரு தெளிவு வரட்டும் என்றுதானே..."

"எனக்கு எதுக்குங்க தெளிவு? டாக்டரம்மா சொன்ன அன்னைக்கே நான் தெளிஞ்சாச்சு. ஆட்டோவுல வரும்போது, பைக்குள்ள என்னென்ன வைக்கணும்னு கணக்குப் போட்டுக்கிட்டு வந்தேன். நீங்க என் கையைப் புடிச்சுக்கிட்டு வந்தீங்க. உங்க கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. அதனாலதான் பேசல."

நான் கையைப் பிடித்திருந்தேனா? நினைவில்லை. நாலாம் தேதிப் பக்கத்தில் நான் அதை எழுதவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். குரல் தணிந்தது.

"உங்க அக்கா ஆபரேஷன் ரூமை விட்டு உசுரோட வெளிய வரலன்னு எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசுல நீங்கதான் சொன்னீங்க. அந்தப் பெஞ்சை விட்டு நீங்க இன்னும் எந்திரிக்கல. எனக்குக் கோவம் இல்ல. ஆனா உள்ள ஒண்ணு வளந்துக்கிட்டு இருக்குங்க. உங்க தட்டைப்பயறு மாதிரி அது காத்துக்கிட்டு நிக்காது."

மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் இலை போட்டுக் கூப்பிட்டாள். வாழைக்காய்ப் பொரியலில் உப்பு அதிகம். இருவரும் சொல்லவில்லை.

ஜூலை 25, வெள்ளி

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "இருபத்தெட்டு உறுதி. நோயாளிக்குச் சளி எதுவும் இல்லை" என்றேன்.

ஆவுடை உள்ளேயிருந்து, "இருந்ததும் இல்ல" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

மருத்துவமனை அறை. சன்னலுக்கு வெளியே வேப்பமரம். வடிவு வந்துவிட்டாள். இரவு அவள்தான் அம்மாவோடு இருப்பாள். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

புறப்படும்போது ஆவுடை, "பிளாஸ்க் கொண்டு வராதீங்க. கேன்டீன்ல குடிச்சுக்கிடலாம்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூலை 28, திங்கள்

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி போகும்போது மூக்குத்தி இல்லாத முகம் வேறு யாரோ போல் இருந்தது. "மூக்கு அரிக்கி. கழத்துனதுலேர்ந்து அரிக்கி" என்றாள். கதவு மூடியது.

பெஞ்சில் உட்காரவில்லை. நின்றேன். வடிவு உட்காரச் சொன்னாள். நின்றேன்.

ஜெபசிங் டாக்டர் வந்தார். வாக்கிங் போகிற செருப்போடு, மூச்சு வாங்க. அவரிடம் கழுநீர்க் கதையைச் சொன்னேன். அந்த இடத்தில் நான் வேறென்ன பேச முடியும்?

அவர் சத்தமாகச் சிரித்தார். நர்ஸ் எட்டிப்பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ ஆர்னிகாவை ஜெயிக்க வச்சது அரிசியா?"

"நீங்கள் ஒரு வார்த்தை தள்ளிப் போடச் சொல்லியிருந்தால் நான் தள்ளியிருப்பேன். நீங்கள் சொல்லவில்லை" என்றேன்.

"நான் எதுக்கு சார் சொல்லுதேன்? எங்க வீட்டுல அப்பெண்டிக்ஸ்னு துடிச்சப்போ நான் உருண்டை கொடுத்துட்டா உக்காந்திருந்தேன்? ஆட்டோவைப் புடிச்சேன். என் மருந்து எது வரைக்கும்னு எனக்குத் தெரியும். நீங்கதான் என் மருந்து மேல ரொம்ப நம்பிக்கை வச்சிட்டீங்க."

இருபது வருட வழக்கில் நான் நம்பிக்கைக் கட்சிக்குப் போய்விட்டேன் என்பதை எதிர்க்கட்சி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பேச்சு வாக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கதவு திறந்தபோது எழுந்தேன். அதனால்தான் தெரியும்.

டாக்டர் ஷமீமா முகமூடியைக் கழற்றினார். "நல்லா முடிஞ்சுது சார். ரத்தம் கூட ஏத்தல. பார்த்த வரைக்கும் வெளிய பரவுன மாதிரி தெரியல. முழு ரிப்போர்ட் வரட்டும்." பிறகு வடிவிடம், "அப்பாவுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுங்க" என்றார்.

மாலையில் உள்ளே விட்டார்கள். ஆவுடை கண்ணை மூடியபடி எதையோ முணுமுணுத்தாள். குனிந்து கேட்டேன்.

"ஹலோ மெட்ராஸ்... ஹலோ..." பிறகு என் விரல் பட்டதோ என்னவோ, கண்ணைத் திறக்காமலே, "லைன்ல இருங்க" என்றாள்.

"இருக்கிறேன்" என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வீடு. குடம் தூக்கினேன். இட்லி கல்லாக வந்தது. அளவு மாறிவிட்டதாம். ஆவுடை கட்டிலில் படுத்தபடி, "சுவத்துல எறிஞ்சா சுவரு உடையும்" என்று சொல்லிச் சிரித்தாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்கு."

ஜெபசிங் டாக்டர் கொடுத்த ஆர்னிகா உருண்டைகளை என்ன செய்வது என்று டாக்டர் ஷமீமாவிடம் கேட்டிருந்தேன். "நான் எழுதின மாத்திரையை நிறுத்தாம இருந்தா சரி" என்றார். ஆவுடை தினமும் சப்பிச் சாப்பிடுகிறாள். "ஆறுதோ இல்லையோ, நல்லா இனிக்கி. வந்துபோற மனுசன் முகத்துக்காகவும் சாப்பிடலாம்" என்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மறுபடி விதைத்தேன். இம்முறை வடிவு கலந்து தருகிறாள். ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அரிசி கழுவும் தண்ணீர் முருங்கைக்கு.

எதற்கு மறுபடி என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இம்முறை எதையும் தள்ளிப் போடுவதற்காக இல்லை. கேள்வி பாதியில் நிற்கிறது, அதனால்தான். இது உண்மையென்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ரிப்போர்ட். கருப்பையின் உள்சுவரில் ஓரிடத்தில் செல்கள் கேன்சர் எல்லையைத் தாண்டத் தொடங்கியிருந்தனவாம். தொடங்கியிருந்தன. அந்தச் சொல்லை இரண்டு முறை படித்தேன். ஆனால் ஆழமாக இறங்கவில்லை. எடுத்ததோடு முடிந்தது, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும், வேறு சிகிச்சை தேவையில்லை என்றார் டாக்டர்.

"ஆகஸ்ட் கடைசியென்றால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு சார் இப்போ? அம்மா நல்லாருக்காங்க."

வெளியே வந்ததும் ஆவுடை, "மல்லியப்பூ வாங்கணும்" என்றாள். வாங்கினோம். ஆட்டோவில் அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். இம்முறை எனக்குத் தெரிந்தே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நுனிகளை வெட்டினேன். கோணலாக எதுவும் போகவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மூன்று வரிசையிலும் துளிர்.

ஆவுடை தானாக வாசல் வரை நடந்து, எதிரே உள்ள பள்ளிக்கூடத்தின் கொடியேற்றத்தை நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடைசி அளவு எடுத்தாயிற்று. வடிவு எது எதுவென்று சொன்னாள். வெறும் தண்ணீர், சாராயத் தண்ணீர், ஆர்னிகா, மூன்றிலும் துளிரின் நீளம் ஏறத்தாழ ஒன்றே. உள்ள சிறு வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. ஆர்னிகாவால் என் செடிகளுக்கு நன்மை எதுவும் தெரியவில்லை. சிறிய சோதனை, வீட்டுச் சோதனை. ஆனாலும் இம்முறை சுத்தமானது.

ஜெபசிங் டாக்டரிடம் சொன்னேன். "உங்க பயறுக்கு டாக்டர் மேல மரியாதை இல்ல சார்" என்றார். வழக்கு தொடர்கிறது.

ஆனால் எழுத வேண்டியது வேறொன்று. மூன்று வரிசையிலும் துளிர்க்காத செடி ஒன்றுகூட இல்லை. இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வெட்டியது ஆறுவதற்குச் செடியிடமே ஏற்பாடு இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவனுக்கு அது தெரிந்திருந்ததா என்று இப்போது சந்தேகம்.

மாலையில் செடிகளைக் காம்பவுண்டுச் சுவரோரம் நட்டேன். ஆவுடை நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்கினாள். "அங்க இல்ல, இங்க. நெருக்கி வைக்காதீங்க. மஞ்ச நூலை அவிழ்த்துருங்க, பொட்டு வச்ச மாதிரி இருக்கு." அவிழ்க்கவில்லை. "உங்க இஷ்டம்" என்றாள்.

இப்போது நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு எண்கள். முதலாவதை எழுதிவிட்டேன். இரண்டாவதும் முடிந்தது. நான்காவதை இந்தப் பக்கத்தில் காப்பாற்றியிருக்கிறேன்.

மூன்றாவதை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். ஆய்வு நோட்டில் எதையும் அடிக்கக் கூடாது, தவறு என்றால் பின்னால் தனியாக எழுது என்று மாணவர்களிடம் கண்டிப்பாக இருந்தவன் நான். ஆகவே அது அங்கேயே இருக்கட்டும். இங்கே எழுதுகிறேன்:

எண் மூன்று தவறு. ஆவுடை அஞ்சவில்லை. அஞ்சியது நான்.